மாணவருக்கு மாணவர் துணை: பெருந்தொற்றுக் காலம் எமக்குக் காட்டிய வழி



கொவிட் 19 பெருந்தொற்றுப் பற்றிப் பேச்சு வந்தால் எம்மவர்கள் முதலில் நினைப்பது தடுப்பூசியையும் முகக்கவசத்தையும், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களோடு நடந்து முடிந்த இறுதிக் கிரியைகளையும்தான். அந்த நாட்களில் எமது வீடுகளின் மேல்மாடி அறைகளில், மூடிய கதவுக்குப் பின்னால், எமது பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. "இளம் பிள்ளைகள்தானே, அவர்களுக்கு வருத்தம் பெரிதாக வராது" என்று ஆறுதல்பட்டுக் கொண்டோம். கிருமியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. மனதைப் பொறுத்தவரை சரியல்ல.

இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவைக்காகச் செய்யப்பட்ட கணிப்பின்படி, 2017ஆம் ஆண்டில் 5 முதல் 16 வயது வரையான பிள்ளைகளில் ஒன்பது பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருக்கக்கூடும் என்று காணப்பட்டது. 2020 ஜூலையில் அது ஆறு பேரில் ஒருவராக உயர்ந்தது. ஊரடங்கு முடிந்தவுடன் இந்த எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கிவிடும் என்று பலர் எதிர்பார்த்தனர். இறங்கவில்லை. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில் 8 முதல் 25 வயது வரையானோரில் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர் என்ற நிலை இருந்தது. எமது தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தால், அதில் நான்கு பேர் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் இழந்தவற்றை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2020 மார்ச் 20ஆம் திகதியோடு பெரும்பாலான மாணவர்களுக்குப் பாடசாலை மூடப்பட்டது. 23ஆம் திகதி ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுக் கோடைகாலப் பரீட்சைகள் கைவிடப்பட்டன. ஓகஸ்ட் 13ஆம் திகதி ஏ-லெவல் பெறுபேறுகள் கணினிக் கணிப்பொன்றின்படி வெளிவந்தபோது, இங்கிலாந்தில் ஏறத்தாழ 40 வீதமான பெறுபேறுகள் ஆசிரியர்கள் மதிப்பிட்டதை விடக் குறைக்கப்பட்டிருந்தன. நான்கு நாட்களின் பின் அரசாங்கம் அதைக் கைவிட்டு ஆசிரியர்களின் மதிப்பீட்டையே ஏற்றது. ஆனால் அந்த நான்கு நாட்களில் மருத்துவபீட அனுமதி கைநழுவிப் போனது என்று நினைத்த பிள்ளைகளின் நிலை எப்படி இருந்திருக்கும்? இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகம் போனவர்கள் விடுதி அறைகளிலேயே முடங்கினார்கள். நவம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழக விடுதி வளாகம் ஒன்றைச் சுற்றிப் போடப்பட்ட வேலியை மாணவர்களே பிடுங்கி எறிந்த செய்தி நினைவிருக்கலாம். 2021 ஜனவரியில் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டு மார்ச் 8ஆம் திகதிதான் திறந்தன.

எமது வீடுகளில் இதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது. எம்மவர்களில் பலர் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பது இல்லை. தெற்காசியப் பின்னணி கொண்டோரிடையே கொவிட் மரணங்கள் கூடுதலாக இருந்த காலம் அது. அப்பா வேலையால் வந்து உடுப்பைக் கழற்றிக் குளிக்கும் வரை கதவுக்குப் பின்னால் காத்து நின்ற பிள்ளைகள், அம்மம்மாவுக்குத் தன்னால் தொற்றிவிடுமோ என்று பயந்த பிள்ளைகள் எமது வைத்திய நிலையத்துக்குப் பின்னர் வந்தார்கள். தலையிடி என்றும் வயிற்றுவலி என்றும் நித்திரை இல்லை என்றும் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது யார் காது கொடுத்தார்கள்? வைத்தியர்களாகிய நாம் தொலைபேசி வழியாகவே நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்கான மனநல சேவையில் காத்திருப்போர் வரிசை பெருந்தொற்றுக்கு முன்னரே நீண்டுவிட்டது. பெற்றோர் களைத்துப் போயிருந்தார்கள். பல இடங்களில் அந்தக் காதைக் கொடுத்தவர்கள் மாணவர்களே.

மாணவர் நடத்தும் இரவுத் தொலைபேசி

இந்த நாட்டில் நைட்லைன் என்று ஒரு சேவை உண்டு. 1970ஆம் ஆண்டு எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாவது நைட்லைன் தொடங்கப்பட்டது. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இதை நடத்துபவர்கள் மாணவர்கள்; அழைப்பவர்களும் மாணவர்கள். வேறு கதவெல்லாம் பூட்டியிருக்கும் இரவு நேரத்தில், பயிற்சி பெற்ற மாணவத் தொண்டர் ஒருவர் மறுமுனையில் இருப்பார். அழைப்பவர் தன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. தொண்டரும் தான் யார் என்று சொல்லமாட்டார். சொன்னது வெளியே போகாது. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று புத்திமதியும் சொல்வதில்லை. கேட்பது மட்டுமே வேலை.

2020இல் வளாகங்கள் வெறிச்சோடியபோது இந்தச் சேவைகளுக்குப் பெரிய சிக்கல் வந்தது. இரகசியம் காக்கத் தனி அறை வேண்டும். தொண்டர்களோ தாய் தகப்பன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். அழைக்க வேண்டிய மாணவரும் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி தங்கை இருக்கும் வீட்டில்தான் இருந்தார். ஆகவே சில இடங்களில் குரல்வழிச் சேவை நிறுத்தப்பட்டு, எழுத்து மூலம் உரையாடும் முறை தொடர்ந்தது. கைத்தொலைபேசியில் சத்தமில்லாமல் எழுதலாம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. 2009இல் தொடங்கப்பட்ட ஸ்டூடன்ட் மைன்ட்ஸ் என்ற மாணவர் மனநல அமைப்பு, 2020 ஓகஸ்டில் ஸ்டூடன்ட் ஸ்பேஸ் என்ற இணையச் சேவையைத் திறந்தது. கனடாவில் 2010ஆம் ஆண்டு ஒரு மாணவனை இழந்த பெற்றோர் தொடங்கிய ஜாக் டொட் ஓர்க் என்ற அமைப்பின் கிளைகளையும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளையோரே நடத்துகிறார்கள்.

நாம் இங்கே சொல்ல விரும்பும் கருத்து இதுதான். மாணவர் மாணவருக்குத் துணை நிற்கும் இந்த முறை எமது சமூகத்துக்கு மற்றெவரையும் விடக் கூடுதலாகத் தேவை. அதற்கு இடம் கொடுக்க வேண்டியது பெரியவர்களாகிய எமது பொறுப்பு.

"பிள்ளைக்குப் பிள்ளை வைத்தியமா?"

இதைச் சொன்னவுடன் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "இதுகளே பிள்ளைகள், இதுகள் மற்றப் பிள்ளைக்கு என்ன வைத்தியம் பார்க்கிறது?" என்பது. நியாயமான கேள்வி. ஆனால் இது வைத்தியம் அல்ல. மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற நோய்களுக்குச் சிகிச்சை தருவது பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரதும் வைத்தியரதும் வேலை. மாணவர் செய்வது அதற்கு முந்திய படி. ஒருவர் வாய் திறந்து முதல் வசனத்தைச் சொல்ல வைப்பது. எமது அனுபவத்தில் அந்த முதல் வசனம்தான் மிகக் கடினமானது. நண்பர் ஒருவர் "நீ இதை டொக்டரிடம் போய்ச் சொல்லு, நானும் வாறன்" என்று சொன்னதால் எம்மிடம் வந்த இளையோர் பலர். அம்மா அப்பா சொல்லி வந்தவர்கள் அதைவிடக் குறைவு.

மனநோய்களில் ஏறத்தாழ அரைவாசி 18 வயதுக்கு முன்னரே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுத் தரவின்படி, 15 முதல் 29 வயது வரையானோரின் மரணங்களுக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் உள்ளது. இந்த வயதில் ஒரு பிள்ளையின் மாற்றத்தை முதலில் காண்பவர் யார்? நாங்கள் அல்ல. பக்கத்து இருக்கையில் இருக்கும் நண்பர்.

இது எமக்குப் புதிதும் அல்ல. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கைச் சுற்றி இருந்துதான் எம் தலைமுறை மாணவர் படித்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நடந்தபோதும், அகதியாக வந்த நாட்டில் பனிக்குளிரில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்தபோதும் எம்மைத் தாங்கியவர்கள் கூட இருந்த சிநேகிதர்களே. அப்போது மனநல மருத்துவர் யாழ்ப்பாணத்தில் அரிது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் கிராம மட்டப் பணியாளர்களுக்கும் அடிப்படை உளநலப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் மக்களைச் சென்றடைந்தார்கள். வைத்தியர் இல்லாத இடத்தில், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் பெரும் உதவி செய்யலாம் என்பதை எமது மண் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. எம்மைத் தாங்கிய அதே வழியை எம் பிள்ளைகளுக்கு மறுக்கக்கூடாது.

ஏன் எம்மிடம் சொல்வதில்லை?

இளையோர் எம்மிடம் சொல்லும் காரணங்களைத் தொகுத்துச் சொல்கிறோம். பெற்றோர் மனம் நோகாமல் படிக்கவும்.

முதலாவது, ஒப்பீடு. "நாங்கள் ஷெல்லடிக்குள்ளை படிச்சனாங்கள். உனக்கு இங்கை என்ன குறை?" என்ற கேள்வி. இதை நாம் அன்போடுதான் சொல்கிறோம். பிள்ளைக்குக் கேட்பது வேறு. "உன் வேதனை வேதனையே அல்ல" என்று கேட்கிறது. போரைக் கண்ட பெற்றோருக்குத் தன் கவலையைச் சொல்லிப் பாரம் ஏற்றக்கூடாது என்று வாயை மூடிக்கொள்ளும் நல்ல பிள்ளைகளே அதிகம்.

இரண்டாவது, ஊர் வாய். "நாலு சனம் அறிஞ்சால் என்ன நினைக்கும், நாளைக்குக் கலியாணம் பேசேக்கை என்ன செய்யிறது" என்ற பயம். லெவன் பிளஸ் பரீட்சை, ரியூசன், அரங்கேற்றம், மருத்துவபீடம் என்று வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இடையில் ஒரு படியில் களைத்து இருக்க அனுமதி இல்லை.

மூன்றாவது, எம்மைப் போன்றவர்கள். தமிழ் வைத்தியர் என்றால் கோயிலிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் அம்மா அப்பாவோடு நின்று கதைப்பவர். "டொக்டர் அங்கிளுக்குச் சொன்னால் வீட்டுக்குப் போய்விடும்" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறோம். 1985ஆம் ஆண்டு கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பின் பின், 16 வயதுக்கு உட்பட்டவராயினும் விடயத்தை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி உள்ள பிள்ளை தனியாக வைத்தியரைக் காணலாம். அவர் சொல்வதை அவரது சம்மதமின்றிப் பெற்றோருக்கோ மாமா மாமிக்கோ சொல்ல வைத்தியருக்கு உரிமை இல்லை. உயிருக்கோ பாதுகாப்புக்கோ பாரிய ஆபத்து இருந்தால் மட்டுமே வேறு வழி தேடப்படும். அதுவும் முடிந்தவரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டே செய்யப்படும். தமிழ் வைத்தியரிடம் போக விருப்பமில்லையென்றால் அதே நிலையத்தில் வேறொருவரைக் கேட்கலாம். நாம் கோபிக்கமாட்டோம்.

பெயர் கேட்காத, முகம் தெரியாத, தன் வயதுக்காரரின் காது எவ்வளவு பெறுமதியானது என்பது இப்போது விளங்கும்.

எல்லைகளும் உண்டு

இதைக் கண்மூடி ஆதரிக்கவும் கூடாது. 19 வயதுத் தொண்டர் ஒருவர் இரவு முழுவதும் மற்றவரின் துயரத்தைக் கேட்டுவிட்டுக் காலையில் விரிவுரைக்குப் போகிறார். அவருக்கும் ஒருவர் காது கொடுக்க வேண்டும். பயிற்சி இல்லாமல், மேற்பார்வை இல்லாமல், ஒரு வட்ஸ்அப் குழுவைத் தொடங்கிவிட்டு "மனநல உதவி" என்று பெயரிடுவது ஆபத்து. தற்கொலை எண்ணம், தன்னைத் தானே காயப்படுத்துதல், உணவை ஒதுக்குதல், இல்லாத குரல் கேட்டல், வீட்டில் துன்புறுத்தல் ஆகியவை நண்பர் தனியாகச் சுமக்கும் விடயங்கள் அல்ல. "இதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணு" என்று நண்பர் கேட்டால், அந்தச் சத்தியத்தைச் செய்யக்கூடாது என்பதையே பிள்ளைகளுக்கு முதற் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இளையோர் தமக்குள் தொடங்கும் எந்த முயற்சியிலும், எந்தக் கட்டத்தில் பெரியவரிடம் கையளிப்பது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும்.

சங்கம் என்ன செய்யலாம்?

லண்டனிலும் ஏனைய நகரங்களிலும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கங்கள் பல உண்டு. ஆண்டுக்கு ஒரு கலைவிழாவை எந்தப் பெரியவரின் உதவியும் இல்லாமல் பெரிய மண்டபத்தில் நடத்திக் காட்டும் திறமை அவர்களுக்கு இருக்கிறது. அவர்களில் ஆர்வமுள்ளோருக்கு எமது சங்கம் மூன்றைக் கொடுக்கலாம். ஒன்று, வார நாளில் ஒரு மாலை பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறை. இரண்டு, அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்றிடம் காது கொடுக்கும் பயிற்சி பெறுவதற்கான செலவு. மூன்று, தொண்டர்களுக்கு மேற்பார்வை தரக்கூடிய தகைமை பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர். அவர் எமது நிர்வாகக் குழுவைச் சாராதவராக இருப்பது நல்லது.

கொடுக்கக்கூடாதவையும் மூன்று. பொன்னாடை வேண்டாம், குத்துவிளக்கு ஏற்றிப் பிரதம விருந்தினர் பேசும் தொடக்க விழா வேண்டாம், வந்து போன பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை எந்தக் குழு உறுப்பினரும் கேட்கவும் வேண்டாம். எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்ற எண்ணிக்கை போதும். பெயர் வெளியே வந்த அன்றே அந்தக் கதவு மூடப்பட்டுவிடும். பிறகு எந்தப் பிள்ளையும் வராது. பரிசளிப்பு விழாக்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும் என்பது எமது கருத்து. நிர்வாகக் குழுவினர் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

பிள்ளையின் நித்திரை, சாப்பாடு, குளிப்பு, சிநேகிதர் ஆகிய நான்கையும் கவனியுங்கள். இவற்றில் இரண்டு மாறி, இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் கேளுங்கள். எதிரே இருத்தி வைத்து விசாரணை செய்யாமல், காரில் போகும்போதோ தேத்தண்ணி ஊற்றும்போதோ கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை பேசி முடிக்கும் வரை புத்திமதியை விழுங்கிக்கொள்ளுங்கள். மாணவத் தொண்டர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

"சாக வேண்டும் போல இருக்கிறதா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்பது பிள்ளைக்கு ஆறுதலையே தருகிறது. "ஓம்" என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வைத்து அன்றே உதவி தேடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் சொந்த மனக்கவலையைச் சொல்ல வைத்தியரிடம் வரும்போது, மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டி வராதீர்கள். 12 வயதுப் பிள்ளை தாயின் அழுகையை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வது பாரிய சுமை. தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். நேரம் ஒதுக்கும்போதே கேளுங்கள்.

இந்த எண்களைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். பிள்ளை பார்க்கட்டும், நீங்கள் ஒட்டினீர்கள் என்பதே அதற்கு ஒரு செய்தி.

உயிராபத்து: 999
அவசர மனநல உதவி: 111ஐ அழைத்து 2ஐ அழுத்தவும்
சமரிட்டன்ஸ், 24 மணிநேரமும்: 116 123
சைல்ட்லைன், 19 வயதுக்கு உட்பட்டோர்: 0800 1111
பப்பிரஸ், 35 வயதுக்கு உட்பட்டோரின் தற்கொலைத் தடுப்பு: 0800 068 4141
குறுஞ்செய்தி வழி உதவி, ஷவுட்: 85258

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் தமது வளாகத்தில் நைட்லைன் இருக்கிறதா என்று மாணவர் ஒன்றியத்தில் கேட்டு அறியலாம். அங்கே தொண்டராகச் சேர விரும்பினால், பெற்றோரே, "படிப்புக் கெட்டுப்போகும்" என்று தடுக்காதீர்கள். இன்னொருவரின் துயரத்தைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போனாலும் நல்ல மனிதராகவே போவார்.